கட்டாத வரி யாருடைய காசு

மின் கட்டணப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் பயிற்சி அலுவலர் கேட்டார். சூத்திரங்களை எழுதட்டுமா என்றேன். அதெல்லாம் கையேட்டில் இருக்கிறது, நீங்கள் பட்டதை எழுதுங்கள் என்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கணக்குக்காரியிடம் பட்டதை எழுது என்று சொல்வது ஆபத்தான காரியம். ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். ஆகவே ஒன்றை மட்டும் சொல்கிறேன். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் உள்ள சில ஊர்களுக்கு மட்டும் மின்சாரம் விநியோகித்த ஒரு சின்னத் தனியார் கம்பெனியில் நான் அக்கவுண்ட்ஸ் ஆபீசர். சுற்றியுள்ள மற்ற ஊர்களுக்கெல்லாம் மின்வாரியத்தின் ‘போர்டு கரண்டு’. எங்களுடையது ‘கம்பெனி கரண்டு’. எங்கள் தலைமை அலுவலகம் ராஜபாளையத்தில் இருந்ததால் அந்த அலுவலகத்துக்கே போர்டு கரண்டுதான். இதைச் சொல்லி எங்களைக் கிண்டல் செய்யாத ஆளே கிடையாது. போர்டு கரண்டு போனால் ஊர்க்காரர்கள் விதியே என்று விசிறியை எடுப்பார்கள். கம்பெனி கரண்டு போனால் எங்கள் ஆட்களின் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

எங்கள் இஷ்டத்துக்கு விலை வைக்க முடியாது. அரசு அமைத்த கட்டணக் குழு ஒன்று உண்டு. மின்சாரம் வாங்கிய செலவு, சம்பளம், தேய்மானம், அதற்கு மேல் அளவான லாபம் என்று அவர்கள் ஒத்துக்கொண்டதைத்தான் பில்லில் வசூலிக்கலாம். அந்தச் செலவுகளில் ஒன்று, கம்பெனி கட்டும் வருமான வரி. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கம்பெனியின் வரியைக் கம்பெனி கட்டுகிறது, ஆனால் அதற்கான காசைக் கொடுப்பவர்கள் பில் கட்டும் சனங்கள். இட்லிக் கடைக்காரர் தன் வருமான வரியை இட்லி விலையில் சேர்த்துக்கொண்டால் நாம் வேறு கடைக்குப் போய்விடலாம். எங்கள் ஊர்களில் வேறு கடை கிடையாது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு புது சப்ஸ்டேஷன் போட்டோம். வருமான வரிச் சட்டம் புது இயந்திரங்களுக்கு முதல் சில வருஷங்களிலேயே தேய்மானக் கழிவை வாரிக் கொடுத்தது. கட்டணக் கணக்கிலோ அதே தேய்மானத்தை இயந்திரத்தின் ஆயுள் முழுக்கச் சமமாகப் பரப்ப வேண்டும். விளைவு, வரிக் கணக்கில் எங்களுக்கு லாபமே இல்லை. சில வருஷங்களுக்கு ஒரு பைசா வரி கட்ட வேண்டாம். ஆனால் பில்லில் வரிக்கான காசு வந்துகொண்டே இருந்தது.

அந்தக் காசு யாருடையது? உங்கள் கையேட்டில் இதற்கு ஒரு அத்தியாயம் இருக்கும். எனக்கு இதற்கு ஒரு முகம் இருக்கிறது.

பாக்கியத்துக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் ஊர்களில் ஒன்றில் நான்கு விசைத்தறிகள் வைத்து பேண்டேஜ் துணி நெய்தாள். தறிக்காரர் சங்கத்தில் பேசத் தெரிந்த ஆள் அவள்தான். பில்லில் ஏதாவது சந்தேகம் என்றால் பஸ் ஏறி நேராக என் மேசைக்கு வந்துவிடுவாள். கிளார்க்குகளைக் கண்டுகொள்ளவே மாட்டாள். ஒரு நாள் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

“ஆபீசரம்மா, பில்லு நல்லாக் குறையப் போவுதுன்னு சொல்லுதாக. நெசந்தானா?”

“யார் சொன்னது?”

“ஒங்க எம்.டி.தான். சங்கத்துல வந்து அவியளே சொன்னாக. ஆண்டாள் தேருக்கு முந்தி குறைச்சிருவோம்னாக. பேங்குல இன்னும் நாலு தறிக்கு லோன் தாரேங்கான். கரண்டு குறைஞ்சா எனக்குக் கட்டுபடியாவும், கையெழுத்துப் போட்டுருவேன். இல்லைன்னா தொடவே மாட்டேன். ஏழு வருசத்துக் கடன்லா?”

குழு கூடி முடிவு செய்யும் வரை பொறுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

எங்கள் எம்.டி. கெட்டவர் அல்ல. வரி கட்டவில்லை என்றால் அந்தக் காசைச் சனங்களுக்கே கொடுத்துவிடுவோம் என்று நினைத்தார். நல்ல பேர் கிடைக்கும், லைசென்ஸ் புதுப்பிக்கும்போது உதவும் என்ற எண்ணமும் அதில் இருந்தது. மெட்ராஸிலிருந்து ஒரு ஆலோசகரை அமர்த்தி அறிக்கை ஒன்றும் தயார் செய்தார். இப்போது பில்லை இவ்வளவு குறைக்கலாம், சில வருஷம் கழித்து வரி திரும்பி வரும்போது கொஞ்சம்போல ஏறும் என்றது அறிக்கை.

வரி திரும்பி வரும் என்பது உண்மை. தேய்மானத்தை முன்கூட்டியே தின்று தீர்த்துவிட்டால், பிந்தைய வருஷங்களில் கழிக்க ஒன்றும் மிஞ்சாது. அப்போது வழக்கமான வரியைவிட அதிகமாகக் கட்ட வேண்டும். ஏலச்சீட்டை முதல் மாதமே எடுத்தவர் கடைசி மாதம் வரை கட்டியாக வேண்டும் அல்லவா, அது மாதிரி. ஆனால் அந்தக் ‘கொஞ்சம்போல’தான் என்னை உறுத்தியது.

அறிக்கை என் கைக்கு வந்ததே ஸ்ரீவில்லிபுத்தூரில் குழு கூடும் நாள் காலையில்தான். ஜீப்பில் போகும்போது மடியில் வைத்துப் படித்தேன். பாதி வழியில் திரும்பவும் முதலிலிருந்து கூட்டிப் பார்த்தேன். ஆலோசகர் நம் தொழிலில் மட்டுமே நடக்கக்கூடிய ஒரு தப்பைச் செய்திருந்தார். பிற்காலத்தில் எவ்வளவு வரி கூடும் என்று கணக்கிட்டு, அந்தத் தொகையை மட்டும் கட்டணத்தில் ஏற்றியிருந்தார். வரி கட்டுவதற்காக ஏற்றும் கட்டணமும் கம்பெனிக்கு வருமானம்தான், அதற்கும் வரி உண்டு என்பதை மறந்துவிட்டார். அப்போது கம்பெனி வரி வருமானத்தில் ஏறக்குறைய பாதி. ஒரு ரூபாய் வரி கட்ட வேண்டும் என்றால் இரண்டு ரூபாய் வசூலிக்க வேண்டும். மளிகைக் கடைக் கணக்கனுக்கு இந்தத் தப்பு வராது, அவனுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. பெரிய படிப்புப் படித்துவிட்டு நம் தொழிலுக்கு வருபவர்களுக்குத்தான் வரும். உங்களுக்கும் வரும்.

ஆக, பிற்காலத்தில் பில் அறிக்கையில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு ஏறும். அதுவும் பாக்கியம் தன் கடனைக் கட்டி முடிக்கும் முன்பே.

முன் சீட்டில் இருந்த எம்.டி.யிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தால் தெலுங்கில் பேசுவார். ரொம்பக் கோபம் வந்தால் பேசவே மாட்டார். அன்றைக்குப் பேசவில்லை. ஊர் எல்லை வந்த பிறகு, திரும்பிப் பார்க்காமல், “கேட்டா சொல்லும்மா. கேக்காட்டி சும்மா இரு” என்றார்.

கூட்டம் நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். தறிக்காரர்கள், கிணற்றுப் பாசனக்காரர்கள், கடைக்காரர்கள் என்று ஆட்கள் நிறைந்திருந்தார்கள். குழுவின் தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. குறைப்புத் தொகையை எம்.டி. வாசித்ததும் கைதட்டல். பாக்கியம் எழுந்து சங்கத்தின் சார்பில் நன்றி சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நீதிபதி மட்டும் தாளைப் புரட்டிக்கொண்டே, “பிறகு கொஞ்சம் ஏறும் என்று எழுதியிருக்கிறீர்களே, எவ்வளவு ஏறும்?” என்றார்.

எம்.டி. கையில் அறிக்கை இருந்தது. அதிலிருந்த எண்ணை வாசித்திருந்தால் முடிந்தது கதை. அவர் வாசிக்கவில்லை. “எங்க அக்கவுண்ட்ஸ் ஆபீசர் சொல்லுவாங்க” என்று என்னிடம் தள்ளினார். பொய்யைத் தன் வாயால் சொல்ல மனம் வராமல் தள்ளினாரா, உண்மையைச் சொல்லும் பழியை என் தலையில் போட நினைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும் இருக்கலாம்.

எழுந்து நின்றேன். “அறிக்கையில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு, ஐயா” என்றேன். ஏன் என்பதையும் விளக்கினேன். மண்டபத்தில் யாருக்கும் விளக்கம் புரிந்ததாகத் தெரியவில்லை. ஆனால் கைக்கு வந்தது போகப் போகிறது என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது.

குழு அந்தக் காசைப் பில்லில் குறைக்கச் சம்மதிக்கவில்லை. வரி தள்ளிப்போகும் வருஷங்களில் அதை ஒரு தனி ஒதுக்கு நிதியில் போட்டு வைக்க வேண்டும், வரி திரும்பி வரும் வருஷங்களில் அதிலிருந்து எடுத்துக் கட்ட வேண்டும், பில் குறையவும் வேண்டாம், பிறகு ஏறவும் வேண்டாம் என்று உத்தரவு போட்டது. இன்று நீங்கள் முதல் மாதமே படிக்கும் பாடம் இது. அன்றைக்கு அதற்கு வழி வைத்தவள் நான் என்று எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

மண்டபத்து வாசலில் பாக்கியம் காத்திருந்தாள்.

“நல்லா இருக்கீகளா ஆபீசரம்மா? ஒரு வார்த்தை சொல்லாம இருந்தா ஒங்க சொத்தா போயிருக்கும்?”

“நீங்க கடன் வாங்கின பொறவு பில்லு ஏறியிருந்தா என்ன செய்வீங்க?”

“அது என் பாடு. ஆறு வருசம் கழிச்சு வாரதப் பத்தி நான் யோசிச்சுக்கிட மாட்டேனா? இப்ப எனக்குக் காசு வேணும். பொறவு வாரவனுக்கு நான் எதுக்குச் சேத்து வைக்கணும்?”

பதில் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. அவள் நின்று கேட்கவில்லை. அவள் அந்தக் கடனையும் வாங்கவில்லை.

அலுவலகத்தில் ஆறு மாதம்போல எம்.டி. என்னிடம் தேவைக்கு மட்டுமே பேசினார். ஆலோசகருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கித் தொகைக்கு வந்த வவுச்சரில் மட்டும், என்னைக் கேட்காமலே, ‘நிறுத்தி வை’ என்று எழுதியிருந்தார்.

வருஷங்கள் ஓடின. தொண்ணூறுகளின் நடுவில், சொன்னபடியே வரி திரும்பி வந்தது. நாங்கள் ஒதுக்கு நிதியைத் திறந்து அதிலிருந்து கட்டினோம். பில் ஏறவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை. நம் வேலை ஒழுங்காக நடந்தால் நடந்ததே தெரியாது, அதற்குப் பழகிக்கொள்ளுங்கள்.

எனக்கு மட்டும் யாரிடமாவது சொல்லிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அந்தச் சமயத்தில்தான் ராஜபாளையம் டவுன் பஸ்ஸில் பாக்கியம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தலையில் பஞ்சுத் தூசி. பழைய கோபம் எல்லாம் ஆறிப்போய், நலம் விசாரித்தாள். நான் விடவில்லை. “பாத்தீங்களா பாக்கியம், இந்த வருஷம் பில்லு ஏறியிருக்கணும், ஏறலை. அன்னைக்குச் சேத்து வச்சதுனாலதான்” என்றேன்.

“எனக்கு ஏது பில்லு?” என்றாள். “தறிய வித்து மூணு வருசமாச்சு. நூல் வெலை ஏறிப்போச்சு, தாக்குப்பிடிக்க ஏலலை. சுப்பையாத் தம்பி வாங்கிக்கிட்டான். அவன் ஷெட்டுலதான் இப்ப நான் நெய்யுதேன். குடியிருக்கிறது ராசபாளையத்துல வாடகை வீடு, போர்டு கரண்டு.”

டிக்கெட்டை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டே அவள் கேட்டாள்.

“அப்ப நான் அம்புட்டு வருசமா கூடக் கட்டினது இப்ப தம்பிக்கு வருதா?”

“எல்லாருக்கும் வருது.”

“எனக்கு?”

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். சரியானதைச் செய்துவிட்டு ஏச்சு வாங்கினால் யாருக்கும் வரும். நூல் விலைக்கு நானா பொறுப்பு? அவள் தறி விற்றதற்குக் கரண்டு பில் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. நம் கணக்கில் ‘நுகர்வோர்’ என்று ஒரே ஆள்போல எழுதுகிறோம். இன்று கட்டுபவரிடம் வாங்கி நாளை கட்டுபவருக்குக் கொடுக்கிறோம், இருவரும் ஒருவரே என்ற நம்பிக்கையில். பாதி ஆட்கள் நடுவில் இறங்கிப் போய்விடுகிறார்கள்.

சர்வீஸை, அதாவது மின் இணைப்பை, ஒப்படைத்துவிட்டுப் போகிறவருக்கு டெபாசிட்டைத் திருப்பித் தருகிறோம். அவர் கட்டிய காலத்தில் ஒதுக்கு நிதிக்குப் போன பங்கையும் ஏன் சேர்த்துத் தரக் கூடாது? எம்.டி.யிடம் கேட்டேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். “நல்லாருக்கு. ஆனா கம்பெனி மனுவாப் போட மாட்டேன். சனங்கள்ல யாராவது கேக்கட்டும், நான் குறுக்க நிக்க மாட்டேன்” என்றார்.

பாக்கியத்திடம் போய்க் கேட்டேன். ஒரு நாள் கூலி போகுமே என்று யோசித்தாள். பிறகு வந்தாள்.

அதே ஸ்ரீவில்லிபுத்தூர், அதே மண்டபம். குழுவுக்குத் தலைவர் வேறு. வாயைத் திறந்தாலே விதி எண்ணைச் சொல்லும் மனிதர். பாக்கியம் எழுந்து இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

“உங்கள் பேரில் சர்வீஸ் இருக்கிறதா?”

“முன்ன இருந்துச்சுங்கய்யா. தறிய வித்துட்டேன்.”

“அப்படியானால் நீங்கள் நுகர்வோர் இல்லை. நுகர்வோர்தான் இங்கே மனு கொடுக்கலாம். உட்காருங்கள்.”

நான் இதை யோசித்திருக்கவே இல்லை. போனவர்களுக்காகக் கேட்க வேண்டும், ஆனால் போனவர்கள் கேட்க முடியாது. இருப்பவர்கள் ஏன் கேட்கப் போகிறார்கள்? அது அவர்கள் பில்லிலிருந்து போகிற காசு. பாக்கியம் உட்காரவில்லை. என்னைப் பார்த்தபடி நின்றாள். என்னை நம்பி வந்தவளை நடு மண்டபத்தில் நிற்க வைத்துவிட்டோமே என்று எனக்கு அவமானமாக இருந்தது.

அப்போது பின் வரிசையில் தறிக்காரர்களோடு உட்கார்ந்திருந்த, அவள் தறிகளை வாங்கிய சுப்பையா எழுந்தான்.

“அய்யா, சர்வீஸு இன்னும் பாக்கியத்தக்கா பேர்லதான் இருக்கு. நான் மாத்தவே இல்லை.”

எங்கள் பக்கத்துப் பழக்கம் அது. ஷெட்டை வாங்குவார்கள், தறியை வாங்குவார்கள், சர்வீஸின் பேரை மட்டும் மாற்ற மாட்டார்கள். எங்கள் பில்களில் கால்வாசி செத்துப்போனவர்கள் பேரில்தான் போகும். மாற்றாமல் ஓட்டினால் அபராதம், இணைப்பைத் துண்டிக்கவும் சட்டம் உண்டு. அதையும் தலைவர் எண்ணோடு சொன்னார்.

“தெரியும்யா. போட்டா கட்டுதேன். ஆனா அவுகதான் நுகர்வோரு.”

தலைவர் என் பக்கம் திரும்பினார். “உண்மையா?”

பில் கிளார்க் என் காதில் ஆமாம் என்றார். “எங்கள் பதிவில் பாக்கியம்தான் நுகர்வோர், ஐயா” என்றேன். எம்.டி. சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

தலைவர் விதியை ஒருமுறை படித்தார். அதில் பேர் யாருடையதோ அவர்தான் நுகர்வோர் என்று தெளிவாக எழுதியிருந்தது. “பேசுங்கள், அம்மா” என்றார்.

பாக்கியம் பேசினாள். டெபாசிட்டைத் தருகிறீர்கள், இதைத் தரவில்லை, ரெண்டும் என்னிடம் வாங்கினதுதானே என்று மட்டும் கேட்டாள். குழு அன்று மாலை வரை விவாதித்தது. கடைசியில் சர்வீஸை ஒப்படைக்கிறவர், பேர் மாற்றிக் கொடுக்கிறவர், யாராக இருந்தாலும் அவர் கட்டிய வருஷங்களுக்கான பங்கு டெபாசிட்டோடு சேர்ந்து வர வேண்டும் என்று உத்தரவு வந்தது. சுப்பையா வாங்குவதற்கு முந்தைய வருஷங்களின் பங்கு பாக்கியத்துக்கு, பிந்தையது அவனுக்கு. அபராதத்தையும் அவன் கட்டினான்.

“ஏன் தம்பி, வாயை மூடிட்டு இருந்திருந்தா ஒனக்கு எல்லாம் மிச்சம்ல?” என்று அவனிடம் கேட்டேன்.

“நானும் ஒருநா தறிய வித்துட்டுப் போவேன்லக்கா” என்றான்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்று உங்கள் பயிற்சி அலுவலர் கேட்பார். வரியை ஒதுக்கி வைப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. முதல் மண்டபத்தில் சொன்னதை இன்றைக்குக் கேட்டாலும் அப்படியேதான் சொல்வேன். சரியான முறை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் நமக்கு ஒரு திருப்தி வந்துவிடும், அதற்கப்புறம் ஆட்களைப் பார்க்க மாட்டோம். எனக்கு அப்படித்தான் ஆறேழு வருஷம் போனது. அந்த டவுன் பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் போயிருக்கும்.

பேர் மாற்றக் கையெழுத்துப் போட பாக்கியம் அலுவலகத்துக்கு வந்தாள். வழக்கம்போல கிளார்க்குகளைத் தாண்டி என் மேசைக்கே வந்தாள். டெபாசிட்டும் பங்கும் சேர்ந்த தொகைக்கான வவுச்சரை நீட்டினேன். பேனாவை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போடாமல் என்னைப் பார்த்தாள்.

“இது கம்பெனி பாத்துக் குடுக்கதா, இல்ல என்னோடதா?”

“உங்களோடது.”

“அப்பச் சரி” என்று கையெழுத்துப் போட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்கள் கணக்கில் எங்கோ இன்னும் தப்பு இருக்கிறது என்று நினைத்திருப்பேன்.